தெருவுக்கெல்லாம் ஒரே தூசி

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் சிறுநீர் அடங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது, ஒரு நாள் பஸ்ஸிலேயே ஆகிவிட்டது. சீட் நனைந்து, தரையில் இறங்கி, முன் சீட்டுக்காரரின் செருப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே எங்கள் சீட்டில் கவிழ்த்தார்.

"மன்னிச்சுக்கங்க பெரியவரே. மூடியைச் சரியா மூடல. உங்க துணியெல்லாம் நனைச்சுட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

முன் சீட்டுக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பாட்டிலைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதாம்மா? செருப்பு பூரா ஈரம்."

"கை வழுக்கிடுச்சுங்க. தப்புதான்."

அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். எனக்கு நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமனார், "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

சில வருடம் கழித்து அதே பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு துணிப்பை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"உங்க வீட்டுத் தூசி கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று கேட்டார்.

அன்று முதல் எங்கள் தெருவுக்கு அவர் தூசியக்கா ஆனார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது அவர் வேலை. குடுவை, குழாய், மூடி எல்லாவற்றையும் சோப்பில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஏதோ ஒரு திரவத்தில் அலசி, சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்து, வாயை அலுமினியத் தாளால் மூடி அடுக்க வேண்டும். ஒன்றில் ஒரு துளி அழுக்கு மிஞ்சினாலும் அதில் செய்கிற சோதனை எல்லாம் வீண். அவர் கழுவியதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்று பிற்பாடு அந்த ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடமே எங்களிடம் சொன்னார். கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல், தம்பி குடும்பத்தோடு இருந்தார். அவருடைய அறையில்தான் தம்பி வீட்டுத் துணி துவைக்கிற மெஷினும் இருந்தது. "ராத்திரி தூக்கம் வரலேன்னா அதோட பேசிக்கிட்டு இருப்பேன். அதுவும் என்னை மாதிரி கழுவுற ஜாதிதானே" என்பார். வேறு எதையும் அவர் சொன்னதில்லை. நானும் கிண்டிக் கேட்டதில்லை.

மேடம் அவரை நம்பி இன்னொரு பொறுப்பும் கொடுத்திருந்தார். வீடு வீடாகப் போய்த் தூசி சேகரிப்பது. எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் டிவி ரிப்பேர் செய்கிறவர். கடை வாடகை ஏறியதும் தொழிலை எங்கள் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டார். எப்போதும் வாயில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் பேசுவார்.

"சோபா பஞ்சு, டிவி பெட்டி, வயர், இதெல்லாம் சட்டுனு தீப்பிடிக்கக் கூடாதுன்னு ஒரு மருந்து கலக்குறாங்களாம்" என்றார் தூசியக்கா. "கலந்த எடத்துலயே அது நிக்கிறதில்ல. கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து தூசியில சேருது. அப்புறம் காத்துல போகுது, தண்ணியில போகுது. மனுசங்களே இல்லாத பனிக்கடல்ல இருக்கிற கரடி உடம்புலகூட இருக்காம். எந்த நாட்டுல இருந்து எவ்வளவு கிளம்புதுன்னு உலகம் பூரா கணக்கு எடுக்கிறாங்க. அதுக்குத்தான் வீட்டுத் தூசி."

"பனிக்கடல் கரடிக்கும் என் டிவிக்கும் என்னங்க சண்டை?"

"சண்டை இல்லீங்க. ரெண்டு பேரும் சொந்தமான்னு பாக்குறாங்க."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை.

எங்கள் தெருப் பெண்களை எல்லாம் பார்த்து அக்கா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு வீட்டைப் பெருக்காதீர்கள், துடைக்காதீர்கள். அப்புறம் நான் வந்து உள்ளே தரையிலும் கட்டிலுக்கு அடியிலும் டிவிக்குப் பின்னாலும் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினோம்.

அக்கா தெருக்கோடி திரும்பியதும் பளபளம்மா வெளியே வந்தார். அது நாங்கள் வைத்த பெயர். கேஸ் சிலிண்டரையே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற மனுஷி.

"என் வீட்டுக்கு வந்து தூசி இருக்கான்னு கேக்குறா. ஒரு வாரம் பெருக்காம வேற இருக்கணுமாம். நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. ஒரு அந்நியப் பெண் நம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதா? அந்த வாரம் எங்கள் தெரு ஜொலித்தது. விசேஷ நாளுக்குக்கூட நாங்கள் அப்படித் துடைத்ததில்லை. மின்விசிறி இறக்கையைத் துடைத்தவர்கள் உண்டு. கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவியவர்கள் உண்டு. நானும் முன்னறையைத் துடைத்தேன், படுக்கையறையைத் துடைத்தேன். பின்னறையில் மட்டும் எனக்கு அதிகாரம் இல்லை. அங்கே பெருக்கினால் குப்பையைக் கொட்டக் கூடாது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதில் காந்தத்தை விட்டுத் தொலைந்த ஸ்க்ரூக்களைத் தேடி எடுப்பார். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு டின் தூசி தயாராக இருக்கும்.

தூசியக்கா வந்த அன்று முதலில் போனது டெய்லர் அக்கா வீட்டுக்கு. எல்லோரும் துடைத்தாலும் டெய்லர் அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை. தைக்க வேண்டிய துணி குவிந்திருந்தது. தூசியக்கா கட்டிலுக்கு அடியில் பிரஷ்ஷை விட்டபோது வெட்டுத் துணி, கிழிந்த உள்பாவாடை, துவைக்காமல் திணித்து வைத்த குழந்தைத் துணி எல்லாம் பிரஷ்ஷோடு சேர்ந்து வெளியே வந்தன. டெய்லர் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. தூசியக்கா எல்லாவற்றையும் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு எழுந்தார்.

"பரவாயில்லைங்க. நீங்களே பெருக்கி ஒரு பேப்பர்ல கொண்டாந்து குடுங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் தெருவைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, கவரை விரித்துப் பிடித்து நின்றார். பிறத்தியார் வீட்டுத் துணிக்கொடியை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது போல அவருக்கு ஒரு கூச்சம்.

டெய்லர் அக்கா தன் வீட்டுத் தூசியைத் தொடவே இல்லை. பின்வாசல் வழியாக என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, உங்க டின்லருந்து கொஞ்சம் குடுங்க. என் வீட்டுது துணி நூலா இருக்கு, அசிங்கமா இருக்கு."

ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொடுப்பதில்லையா, அப்படித்தான். அடுத்து எதிர் வீடு. "என் வீட்டுல எவ்வளவு தேடினாலும் ஒண்ணுமில்ல. பாவம், வெயில்ல வந்திருக்கு, வெறும் கையோட அனுப்பக் கூடாதுல்ல." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு வரிசையாக வந்தார்கள். பளபளம்மா நேரில் வரவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, "என் வீட்டுதுன்னா ரொம்பக் கறுப்பா இருக்கக் கூடாது, கொஞ்சம் வெளுத்ததாப் பாத்துப் போடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். மேலாக இருந்ததை எடுத்துப் போட்டு அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "டிவி ரிப்பேருக்கு ஒருத்தரும் வரக் காணோம். தூசி வாங்க மட்டும் கூட்டம் அலைமோதுது. போர்டை மாத்தி எழுதிடலாமா?"

நாங்கள் ஏமாற்றுவதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்டவன் மேல் ஆணையாக எனக்கும் தோன்றவில்லை. தூசி தூசிதானே என்று நினைத்தோம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் மேடமே எங்கள் தெருவுக்கு வந்தார். தெருக்கோடியில் இருந்த மழலையர் பள்ளியில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். முழங்கால் தாடையில் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தூசியக்கா உட்காரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"உங்க தெருவுல தீத்தடுப்பு ரசாயனம் ரொம்ப அதிகமா இருக்கு" என்றார் மேடம். "அது ஒரு கவலை. அதைவிட ஒரு குழப்பம். எல்லா வீட்டுத் தூசியும் ஒரே மாதிரி இருக்கு. கூடப் பிறந்தவங்ககூட இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்க. வெளிநாட்டு லேப்ல சந்தேகப்பட்டு, சல்லடையில மிஞ்சினதை எடுத்துப் பாத்திருக்காங்க. எல்லாக் கவர்லயும் குட்டிக் குட்டியா ஈய மணி. நீங்க எல்லாருமே வீட்டுல ஈயம் பத்த வைக்கிறீங்களா?"

டிவி போர்டுக்கு ஈயம் பற்ற வைக்கிற வீடு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று. பளபளம்மா கூரையில் ஒட்டியிருந்த காகிதப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் அக்கா நகத்தைக் கடித்தார். தூசியக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அவருக்குப் புரிந்துவிட்டது. யார் வீட்டு டின், எப்படிப் பரவியது, எல்லாம் புரிந்துவிட்டது.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். யாராவது ஒருவர் எழுந்திருக்கலாம். அத்தனை பேரும் குட்டி நாற்காலியில் இன்னும் குட்டியாகி உட்கார்ந்திருந்தோம்.

"மேடம், தப்பு என்னோடது" என்றார் தூசியக்கா. "கவர் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். சிலது கிழிஞ்சிருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு. உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு வேற கவர்ல மாத்திப் போட்டேன்."

மேடத்தின் முகம் வாடியதை நான் பார்த்தேன். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தூசியக்கா அவருக்குப் பின்னால் போனார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அன்று பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். வாய் சொல்லிக்கொண்டிருந்தது, மனம் அந்தச் சுவரோரத்திலேயே நின்றது. பஸ்ஸில் கவிழ்ந்த தண்ணீர் பாட்டில் கண் முன்னால் வந்தது. அன்றைக்காவது மாமனாரால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு என்ன கேடு, வாய் இருந்ததே.

நடந்ததை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் தூசியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். டீ கொடுத்தேன். ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணு நினைச்சேன், வேற ஒண்ணு ஆகிப்போச்சு."

"என்னக்கா?"

"நான் கவரைக் கலந்துட்டேன்னு சொன்னதை மேடம் அப்படியே வெளிநாட்டுக்கு எழுதிட்டாங்க. எழுதித்தானே ஆகணும். இப்படி ஒரு ஆள் எடுத்த தூசியை நம்ப முடியாதுன்னு, நான் இத்தனை வருசமா மத்த தெருவுல எடுத்தது எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குல இருந்து அடிச்சுட்டாங்க. கல்லூரி குவார்ட்டர்ஸ்ல, அச்சாபீஸ் தெருவுல, எல்லாரும் கதவைத் திறந்து விட்டாங்க. கட்டிலைத் தள்ளிக் குடுத்தாங்க. நான் முட்டி போட்டு எடுத்த தூசி அது. அது சரியான தூசி." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார். "இந்த மாசத்தோட கணக்கை மூடுறாங்களாம். உலகப் படத்துல நம்ம ஊர் இருக்கிற எடம் வெறும் காலியா இருக்கும். இங்க மனுசங்க யாரும் டிவியே பாக்காத மாதிரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உங்க எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். தாங்கல. ஒரு சின்னப் பொய்யோட முடிஞ்சிரும்னு நினைச்சேன். என் மேல விழுந்தா விழட்டும்னு நினைச்சேன். அது என் மேல மட்டும் விழல."

பின்னறைச் சத்தம் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தார்.

"என்ன பொய்?"

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தூசியக்கா பக்கம் திரும்பினார்.

"என் ஈயத்துக்கு நீங்க எதுக்குங்க திட்டு வாங்கணும்? நான் போய்ச் சொல்றேன்."

"வேண்டாங்க. அப்புறம் அந்த அம்மாங்க எல்லாம் தலை குனியணும்."

"குனியட்டுமே. நிமிர்ந்துக்கிட்டே இருந்ததுனாலதான் கட்டிலுக்கு அடியில ஒண்ணும் தெரியாமப் போச்சு." என்னைப் பார்த்து, "நீ போய்க் கூட்டிட்டு வா. தூசி குடுத்தது நீதானே, யார் யாருன்னு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

போனேன். டெய்லர் அக்கா நான் வாயைத் திறக்கும் முன்பே, "எப்ப போறோம்?" என்றார். அவரும் அந்த வாரம் தூங்கவில்லையாம். மற்றவர்கள் முனகினார்கள், ஒருவர் வீட்டில் ஆள் இல்லை என்றார், ஒருவர் எல்லோரும் போனால் வருகிறேன் என்றார். கடைசியாகப் பளபளம்மா.

"நான் எங்கே தூசி வாங்கினேன்? நான் உன் வீட்டுப் படி ஏறினேனா?"

"நீங்க ஏறல. உங்க கிண்ணம் ஏறுச்சு. இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு."

அவர் கதவுக் கைப்பிடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார்.

"கழுவி வச்சிருக்கியா?" என்றார் பிறகு.

"வச்சிருக்கேன்."

"சரி, நாளைக்கு வர்றேன்."

மறுநாள் நாங்கள் கூட்டமாக ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். இருந்ததிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு போனோம். ஏன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தூசியக்கா தொட்டியில் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார். கையைத் துடைக்கவில்லை.

முதலில் என் வீட்டுக்காரர்தான் பேசினார். "மேடம், அந்த ஈயம் என்னோடது. என் ரூம் தூசி. இவ டின்ல வச்சிருந்தா. தெருவே வந்து வாங்கிட்டுப் போச்சு. அக்கா எதையும் கலக்கல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "எங்க வீட்டுல தூசி இல்லைன்னு..." என்று ஆரம்பித்த எதிர் வீட்டம்மா பாதியில் நிறுத்தி, "இருந்துச்சு. காட்ட வெட்கமா இருந்துச்சு" என்றார். பளபளம்மா, "நான் வெளுத்ததாக் கேட்டு வாங்கினேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. பழைய தெருக்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன். உங்க தெருவுக்குப் புதுசாத் தூசி வேணும். பெருக்காத தூசி. இந்தத் தடவை நானே உள்ள வந்து எடுப்பேன்." எல்லோரும் சரி என்றோம். பிறகு அவர் தூசியக்கா பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"அன்னிக்கு நீங்க சொன்னதை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம நம்பினேன். நீங்க சொன்னீங்கங்கிற ஒரே காரணத்துக்காக. இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, அதை நான் எதை வச்சு நம்பறது?"

தூசியக்காவின் விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அவரைக் காப்பாற்ற வந்திருந்தோம். அந்தக் கேள்விக்கு முன்னால் நல்ல உடுப்போடு நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை எங்கள் தெரு உண்மையாகவே பெருக்காமல் இருந்தது. அந்த வாரம் காலில் மண் ஒட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் பாவம் செய்வது போல் இருந்தது. மேடம் வந்தார். தூசியக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பிரஷ் மேடத்தின் கையில் இருந்தது. டெய்லர் அக்கா வீட்டில் துணி மூட்டையை எல்லாம் எல்லோருமாகச் சேர்ந்து இழுத்துப் போட்டோம். பளபளம்மா வீட்டில் கட்டிலுக்கு அடியில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. "சோபாவை நகர்த்தலாமா?" என்று மேடம் கேட்டார். ஒரு சுவர் நீளத்துக்கு இருந்த பழைய சோபா. நகர்த்தினோம். அடித்துணி கிழிந்து, உள்ளிருந்த பஞ்சு மஞ்சள் மாவாக உதிர்ந்து ஒரு சிறு மேடு கட்டியிருந்தது. எத்தனை வருடத்து உதிரலோ.

"நான் தினமும் மேல துடைக்கிறேன்" என்றார் பளபளம்மா.

"இது அழுக்கு இல்லம்மா. சோபாவுக்கு வயசாகி உதிருது. நாங்க தேடுறதே இதைத்தான்" என்றார் மேடம்.

பளபளம்மா எங்களைப் பார்த்தார். "பாத்துக்கங்க, நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் பின்னாடி பேச வேண்டாம்." ஒருவரும் அதைப் பற்றிப் பின்னால் பேசவில்லை.

கடைசியாக எங்கள் வீடு. பின்னறையில் மேடம் வெகு நேரம் நின்றார். அடுக்கி வைத்த டிவி ஓடுகள், தலைகீழாகக் கிடக்கும் போர்டுகள், டிவிக்குள் இருக்கும் தூசியை ஊதி ஊதிச் சுவரில் படிந்த கறுப்பு. கூட்டி எடுத்துக் கவரில் போட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"குழந்தைங்க இருக்காங்களா?"

"வளர்ந்து வேலைக்குப் போயிட்டாங்க மேடம்."

"இந்த வீட்டுலயா வளர்ந்தாங்க?"

"ஆமா. இங்கதான் தவழ்ந்தாங்க. அவருக்கு ஸ்க்ரூ பொறுக்கிக் குடுப்பாங்க."

மேடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்மணி. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கனமாக இருந்திருக்காது. என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். தவழ்கிற பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் என்பது எந்தத் தாய்க்குத் தெரியாது? அன்று வரை நான் அந்த அறையைப் பார்த்து வெட்கப்பட்டதெல்லாம் அது பார்க்க அலங்கோலமாக இருக்கிறதே என்பதற்காக மட்டும்தான். அடுத்த மாதமே அவர் கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தொழிலை அங்கே மாற்றினார். ஊதுவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கக் கற்றுக்கொண்டார். கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க நான் விடுவதில்லை. என் பிள்ளைகளுக்காக நான் தினமும் பிரார்த்திக்கிறேன். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பிரார்த்திக்கிறேன்.

கணக்கு மூடுவதற்குள் எங்கள் தெருத் தூசி போய்ச் சேர்ந்துவிட்டது. அடித்த பழைய தெருக்களையும் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வேறு வேறாக வந்திருந்தது. அந்தத் தீத்தடுப்பு மருந்தில் எங்கள் வீடு முதலிடம், பளபளம்மா வீடு இரண்டாமிடம். மேடம் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு புள்ளி உண்டு. டெய்லர் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, எள்ளை விடச் சின்னது என்றார்.

ஆனால் தூசி எடுக்கிற வேலையை மேடம் அதற்குப் பிறகு தூசியக்காவுக்குக் கொடுக்கவில்லை. வேறு ஒருவர் எடுக்கிறார். கண்ணாடி கழுவுகிற வேலை மட்டும் அவருக்கு இருந்தது. நாங்கள் சிலர் மேடத்திடம் போய் அவருக்காகப் பேசலாம் என்றோம். தூசியக்கா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். எங்கள் தெருப் பக்கம் வந்தால் டீ குடித்துவிட்டுப் போவார். டெய்லர் அக்காவுக்குப் பித்தான் கட்டிக் கொடுப்பார். தூசியைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய் டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

பிறகு அவர் தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு இவரும் கிளம்பினார். நான் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். தம்பி மேலே பெட்டிகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். துணி துவைக்கிற மெஷினைப் பின்னால் லாரியில் அனுப்பியிருந்தார்கள். நான் தூசியக்காவைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களாலதானே அக்கா உங்களுக்கு இந்தக் கெட்ட பேர்" என்றேன்.

"நீங்க வெட்கப்பட்டீங்க, சொல்லிட்டீங்க, உங்களுக்கு முடிஞ்சுபோச்சு தங்கச்சி" என்றார். "மேடம் எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்களே, இனிமே எதை வச்சு நம்பறதுன்னு. கண்ணாடி கழுவும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்னும் பதில் வரல. வந்தா, அவங்க எதிர்ல நின்னு நானே சொல்லணும். அதுக்காக ஒரு தடவை இந்த ஊருக்கு வருவேன்."